எடை குறைந்த பிள்ளைகளின் வார்டு

பச்சிளங்குழந்தை வார்டில் வேலை பார்க்கும் எனக்கு அதிகம் பயம் தருவது குளிர். சித்திரை வெயிலிலுமா என்று சிரிப்பார்கள். அப்போதும்தான், ஃபேன் காற்றே போதும்.

இரண்டரை கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு போதாது. உடம்பு 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ரத்தச் சர்க்கரை குறையும், மூச்சு விட்டுவிட்டு வரும். அழவும் தெம்பிருக்காது. ‘சமர்த்தாத் தூங்குது’ என்பார்கள் வீட்டார். பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். வயிறு கதகதப்பாக இருந்து பாதம் மட்டும் சில்லென்றிருந்தால், குளிர் ஏறத் தொடங்கிவிட்டது.

இதற்குக் கைவசம் இருப்பது கங்காரு முறை. தொப்பி, டயபர் மட்டும் போட்டு, பிள்ளையை வெறும் நெஞ்சோடு அணைத்துக் கட்டுவது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் டாக்டர் எட்கர் ரே தொடங்கியது. முன்பெல்லாம் பிள்ளை தேறிய பிறகுதான் அம்மாவிடம் கொடுப்பது வழக்கம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. பிறந்த உடனே தொடங்கினால் முதல் 28 நாள் இறப்பு கால்வாசி குறைகிறதாம். மறு வருடமே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது, நாளுக்கு எட்டு மணி நேரமாவது என்று.

சிசேரியன் தையலோடு எட்டு மணி நேரம் யார் உட்காருவது? ஒரு முறை தாய்க்குக் காய்ச்சல். பிள்ளை 1,400 கிராம். தகப்பன் கூச்சத்தில் நெளிய, அப்பத்தா முன்னே வந்தார். “நாலு பெத்தவ நான், குடு தாயி” என்று சேலையைத் தளர்த்திக்கொண்டு சாய்ந்துவிட்டார். குளிப்பாட்டக் கூடாது, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்கக் கூடாது என்றதற்கு மட்டும் கடைசிவரை முகம் சுளித்தார்.

கருவான நாளிலிருந்து கணக்கிட்டுச் சுமார் 34 வாரம் ஆகும்வரை உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவது ஒன்றாக வராது. பால் புகட்ட முதலில் மூக்குக் குழாய், அப்புறம் பாலாடைச் சங்கு. நம் வீட்டுப் பாலாடைக்கு இங்கே ஈடில்லை. முதல் வாரம் எடை இறங்கும்போது தாய்மார் அழுவார்கள், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஏறிவிடும்.

எனக்கு மனத்தாங்கல் வீட்டுக்குப் போன பிறகுதான். இரண்டு கிலோவுக்குக் குறைந்து பிறந்தால் ஒரு மாதத்துக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும், தாமதித்தால் பார்வையே போகலாம். “நல்லாத்தானே பாக்குது சிஸ்டர், ஒன்றரை மாசத் தடுப்பூசிக்கு வரும்போது பாத்துக்கலாம்” என்பார்கள். ஒரு நாள் கூலி போகுமே என்ற கணக்கும் அதில் உண்டு. அவ்வளவு நாள் தள்ள முடியாது என்று போன் போட்டு நச்சரித்துக்கொண்டே இருப்பேன்.