2ஜி நிற்கும் முன்: கம்பம், கூடலூர், குமுளிப் பக்கத்து ஆட்களுக்கு

ஏர்டெல் 2020-லேயே 3ஜியை மூடிவிட்டது. ஜியோவில் 2ஜி எப்போதுமே இல்லை. பழைய பட்டன் போன்கள் மிச்சமிருக்கும் 2ஜியை நம்பித்தான் ஓடுகின்றன.

4ஜி போன் இருந்தால் மட்டும் போதாது. வோல்ட்டி (VoLTE, அழைப்பையும் 4ஜியிலேயே பேசவைக்கும் வசதி) இல்லாவிட்டால் இணையம் 4ஜியில் வரும், பேச்சு மட்டும் 2ஜிக்கு இறங்கும். சோதிப்பது எளிது: ஒருவரை அழைத்துப் பேசிக்கொண்டே திரையைப் பாருங்கள். 4ஜி சின்னம் மறைந்தால், செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் வோல்ட்டியை ஆன் செய்யுங்கள். அந்த வசதியே இல்லையென்றால் போனை மாற்றத்தான் வேண்டும். பிஎஸ்என்எல் வைத்திருப்பவர்கள் பேண்ட் 28 உள்ள போனாக வாங்குங்கள். அது 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ஏலத்தோட்டச் சரிவுகளில் தூரம் வரை எட்டும்.

பழைய சிம்மை 4ஜி சிம்மாக மாற்றுமுன் அதிலுள்ள எண்களைப் போனுக்கு நகலெடுங்கள். புது சிம் காலியாகவே வரும். மாற்றியதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிற்கும், வங்கி ஓடிபியும் வராது. பணம் அனுப்ப வேண்டிய நாளில் மாற்றாதீர்கள்.

பலரும் மறப்பது தோட்டத்து மொபைல் ஸ்டார்ட்டரை, அதாவது போனிலிருந்தே பம்பு மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் பெட்டியை. உள்ளே சிம் போடும் ஜிஎஸ்எம் போர்டு பெரும்பாலும் 2ஜி மட்டும்தான். அதில் 4ஜி சிம் போட்டாலும் பயனில்லை, போர்டையே மாற்ற வேண்டும். லேபிளில் அலைவரிசையாக 900/1800 மட்டும் இருந்தால் 2ஜி என்றே எடுத்துக்கொள்ளலாம். ஜீப்பில் மாட்டிய ஜிபிஎஸ் கருவிக்கும் இதே கணக்குதான். புதிதாக வாங்கும்போது 4ஜி போர்டா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.