கொப்பியும் கோப்பியும்

நான் சிரித்துவிட்டேன். சிக்கலே அதில்தான் இருக்கிறது. சிரிக்காமல் இருந்திருந்தால், அந்தப் பிள்ளை சொன்னது காதில் விழவில்லை என்று சொல்லி என்னிடமிருந்தே தப்பியிருப்பேன்.

2023 ஓகஸ்ட், வன்னியில் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் ஒரு பொதுநோக்கு மண்டபம். லண்டனிலிருந்து போய் நாங்கள் நடத்திய மருத்துவ முகாம்; வைத்தியர்களில் நானும் ஒருவன். கச்சான் காற்று மேசைத் தாள்களைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. 112ஆம் இலக்கத் துண்டுடன் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். என் பக்கத்தில் சீனி பார்க்கும் கருவியுடன் ஹரோவில் பிறந்த பதினேழு வயதுப் பிள்ளை. கருவி 16.4 காட்டியது. "பதினெட்டால் பெருக்கினால் 295" என்று நான் கேட்குமுன்னரே சொன்னாள். இங்கிலாந்தில் ஓர் அளவு, இலங்கையில் ஓர் அளவு என்பதை விமானத்திலேயே படித்து வைத்திருந்தாள்.

"சீனிக்குக் குளிசை ஏதும் போடுகிறீர்களா அம்மா?"

அவர் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இல்லைத் தம்பி."

அப்போது பிள்ளை என் காதருகே குனிந்தாள். "அங்கிள், இந்த அம்மம்மா வெளியில் யாரிடமோ சொன்னார், கோப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாராம். குடிக்க ஏதாவது கொடுக்கட்டுமா?"

சிரித்தேன். வாசலில் தேத்தண்ணீர் கொடுக்கிறார்கள் என்றேன். துண்டு எழுதிக் கொடுத்து 113ஐக் கூப்பிட்டேன்.

அந்த அம்மா வீட்டில் வைத்துவிட்டு வந்தது கோப்பியை அல்ல, கொப்பியை. கிளினிக் கொப்பி. அரசாங்க வைத்தியசாலையில் மாதாமாதம் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று எழுதிக் கொடுக்கும் கொப்பி. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

அவள் எந்தச் சொல்லை எந்தச் சொல்லாகக் கேட்டிருக்கிறாள் என்று தெரியாமல் எனக்கு எப்படிச் சிரிப்பு வந்திருக்கும்? தெரிந்துதான் சிரித்தேன் என்றால், அந்த அம்மா ஏற்கனவே கிளினிக்குக்குப் போகிறவர், குளிசை போடுகிறவர் என்பதும் அந்தக் கணமே தெரிந்திருக்க வேண்டும். அல்லது நம் பிள்ளைகளின் தமிழைக் கேட்டால் பெரியவர்களுக்குத் தானாக வருகிற சிரிப்பாகவும் அது இருக்கலாம். பல இரவுகள் இரண்டாவதை நம்பித் தூங்கியிருக்கிறேன்.

மருந்தில் நான் அவசரப்படவில்லை. இதை யாரிடமும் சொல்லத் தயார். மெலிந்த உடம்பு. சிறுநீரகத்தின் நிலை தெரியாமல் மெட்ஃபோர்மின் என்ற சீனிக் குளிசையைத் தொடங்க மனம் வரவில்லை; வன்னியில் சிறுநீரக நோய் எவ்வளவு என்று தெரிந்த எவரும் தயங்குவார்கள். ஆகவே கிளிக்லசைட், அதுவும் 40 மில்லிகிராம், ஒரு மாதத்துக்கு. மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு, சுகாதாரப் பணிப்பாளரின் அனுமதி, கூட இருந்த உள்ளூர் வைத்தியர், எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். அவர் இல்லை என்றார்.

பத்தாம் நாள், நான் லண்டனுக்குத் திரும்பிய பிறகு, அங்கே எங்களுக்கு உதவிய குடும்பநல மாது தொலைபேசியில் அழைத்தார். அந்த அம்மா வெள்ளிக்கிழமை விரதத்தன்று கிணற்றடியில் மயங்கி விழுந்திருக்கிறார். வைத்தியசாலையில் பார்த்தபோது சீனி 38க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நெற்றியில் மூன்று தையல். உயிருக்கு ஒன்றுமில்லை. "ஒன்றுமில்லை, டொக்டர், யோசிக்காதீர்கள்" என்றுதான் அவரும் தொடங்கினார்.

வீட்டில் இருந்த கொப்பியிலும் கிளிக்லசைட்தான். இரட்டிப்பு அளவு, நாளுக்கு இரண்டு வேளை. வைத்தியசாலைக் குளிசை வெள்ளைக் கடதாசிப் பையில் வரும். நாங்கள் கொடுத்தது பளபளக்கும் அட்டையில். இரண்டும் ஒன்று என்று அவருக்கு யார் சொன்னது?

அப்படியானால் முகாமன்று 295 எப்படி வந்தது? இதற்கான விடைதான் என்னை அதிகம் வருத்துகிறது. 2022இல் நாடு வங்குரோத்தானபோது அவரை வெளியில் மருந்து வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கக் காசில்லை. அன்றிலிருந்து கையில் கிடைக்கும் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, மிச்சத்தைச் சேமித்து வந்திருக்கிறார். கொப்பியைக் காட்டினால் "உங்களுக்குத்தான் கிளினிக்கில் கிடைக்கிறதே" என்று திருப்பி அனுப்பிவிடுவோம் என்று வரிசையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். லண்டன் குளிசை கையில் வந்ததும், இனிக் குறையில்லை என்று இரண்டையும் நாள் தவறாமல் போட்டிருக்கிறார். நாங்கள் கொண்டுபோன தாராளம்தான் அவரை விழுத்தியது என்று சொன்னால் அது மிகை. ஆனால் முற்றாகப் பொய் இல்லை.

கிளினிக் வைத்தியர் கோபிக்கவில்லை. முகாம் அறிவித்தலில் "கிளினிக் கொப்பியைக் கொண்டு வரவும்" என்று ஒரு வரி போட்டிருக்கலாமே என்று மட்டும் சொல்லி அனுப்பினார். எங்கள் பதாகையில் ஏழு பேரின் பெயர்கள் இருந்தன. இன்னாரின் நினைவாக, இன்னாரின் பிள்ளைகள், கனடா என்று. எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தவன் நான். ஒரு சந்திப் பிழையைக்கூடத் திருத்தினேன்.

இனி வாசிப்புக் கண்ணாடி மட்டும் கொடுப்போம், மருந்தில் கை வைக்க வேண்டாம் என்று அடுத்த கூட்டத்தில் சொன்னேன். அதே முகாமில் 210க்கு 120 பிறஷருடன் ஒரு மீன் வியாபாரியைக் கண்டுபிடித்தோமே, அவரையும் கண்ணாடி கொடுத்தா அனுப்பியிருப்பாய் என்று ஒரு நண்பர் கேட்டார். பதில் வரவில்லை. அடுத்த ஆண்டும் போனேன். மருந்தும் கொடுத்தேன். கொப்பியைக் கேட்டேன், ஒருவரிடம் மூன்று முறைகூட. அதனால் வரிசை நீண்டு, மாலையில் நாற்பது பேரைப் பார்க்காமல் அனுப்ப நேர்ந்தது. அவர்களில் யாருக்கு என்ன ஆனது என்று எனக்கு எந்தத் தொலைபேசி அழைப்பும் வரவில்லை.

அந்தப் பிள்ளையிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவளுடைய தவறு அதில் எதுவுமில்லை. அங்கே இருந்த எங்கள் எல்லோரிலும் அந்த அம்மாவின் பேச்சைக் கவனித்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான். பாதித் தமிழில் கேட்டு, முழுத் தமிழ் தெரிந்தவனிடம் கொண்டுவந்து கொடுத்தாள். சொன்னால், தன் தமிழால்தான் ஒருவர் விழுந்தார் என்று நினைத்துக்கொள்வாள். இதுதான் நான் எனக்குச் சொல்லும் காரணம். சொன்னால் நான் ஏன் சிரித்தேன் என்றும் கேட்பாளே என்பதும் காரணம்தான்.

அந்த ஒக்டோபர் முடிவுத் திகதிக்கு முன் மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பக் கட்டுரையை வாசித்துப் பார்க்கும்படி அனுப்பியிருந்தாள். தொலைபேசி அழைப்பு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்றாவது பத்தியில் முகாம். நோயாளியின் மொழியைத் தெரிந்திருப்பதன் அவசியத்தை அங்கே உணர்ந்தாளாம். ஒரு மூதாட்டி நோட்டுப் புத்தகத்தைச் சொல்ல, தான் காப்பி என்று விளங்கிக்கொண்டதையும் அதைக் கேட்டு வைத்தியர் சிரித்ததையும் எழுதியிருந்தாள். நாங்கள் புறப்படுவதற்கு முன்பே யாரோ அவளுக்கு அந்தச் சொல்லை விளக்கியிருக்கிறார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

நல்ல பத்தி. ஆங்கில எழுத்தில் இரண்டு சொல்லையும் ஒரே மாதிரி எழுதியிருந்ததால் பகிடி மட்டும் விளங்கவில்லை. இரண்டாவது சொல்லில் ஓர் 'ஓ' கூடுதலாகப் போடு, அப்போதுதான் வாசிப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். நன்றி அங்கிள் என்று உடனே பதில் வந்தது.