கலெக்டர் ஆபீசுக்கு மூன்று நடை, ஜி.எச்.சுக்கு ஒரு நடை

திருநர் என்பதற்குக் கலெக்டர் தரும் அடையாளச் சான்றிதழுக்காக 2023 மே 15 அன்று அரசு போர்ட்டலில் விண்ணப்பித்தேன். சான்றிதழ் வந்தது ஜூலை 25. ஆக 71 நாள். அப்போது விதியில் எழுதியிருந்தது 30 நாள். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்பவன். வயது 28, அச்சகம் ஒன்றில் டி.டி.பி. வேலை. ஊர் பெயர் வேண்டாம். சொன்னால் என்னை அலையவிட்ட கலெக்டர் ஆபீஸ் க்ளார்க் யாரென்று பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கும் போல, பாவம்.

போர்ட்டலில் பதிவதெல்லாம் அரை மணி நேர வேலை. சறுக்கியது உறுதிமொழிப் பத்திரத்தில். நோட்டரி ஆபீசில் டைப் செய்தவர் கையில் ஒரு பழைய மாதிரி இருந்தது. அதை எடுத்து என் பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஸ்கேன் செய்யும்போதுதான் பார்க்கிறேன், “நான் ஒரு திருநங்கை என்று உறுதி கூறுகிறேன்” என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஊரார் கல்யாணப் பத்திரிகையில் ஒற்று விட்டுப்போனால் எட்டடி தூரத்தில் இருந்தே கண்டுபிடிப்பவன் நான். முத்திரைத்தாள் காசு தண்டம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள்.

அந்த டைப்பிஸ்ட்டைக் குறை சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்துவிட்டது. ஏப்ரல் 15 திருநங்கையர் நாள். அக்காமார்கள் அடியும் உதையும் வாங்கி, தெருவில் நின்று பெற்ற உரிமை அது. அந்தச் சொல் எல்லா ஆபீசுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘திருநம்பி’ இன்னும் பஸ் ஏறவில்லை.

இந்த விண்ணப்பத்துக்கு நேரில் போகவே வேண்டாம் என்பார்கள். எனக்கு ஒன்பதாம் நாளே போன். “ஒரிஜினல் எல்லாம் எடுத்துட்டு வாங்கம்மா.” போனேன். “சார் கேம்ப் போயிருக்கார்.” முதல் நடை அதோடு முடிந்தது.

இரண்டாம் நடையில் சார் இருந்தார். ஆனால் என்னைக் கூப்பிட்டது பழைய பெயரில், அதுவும் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி. மீசையோடு ஒருவன் எழுந்து போனதும் முதியோர் பென்ஷனுக்கு வந்திருந்த தாத்தா நாற்காலியையே என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“திருநங்கைன்னா சேலையில்ல கட்டிருப்பாங்க?”

“நான் திருநம்பி சார்.”

“அப்படின்னா?”

“பொண்ணா பொறந்து ஆம்பளையா வாழுறவங்க சார்.” இந்த விளக்கம் எனக்கே பிடிக்காது. கவுன்ட்டரில் அதற்கு மேல் பேச நேரம் கிடையாது.

“ஆபரேஷன் ஆயிருச்சா?”

தாத்தா இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். இல்லை என்றேன். “அப்ப ஜி.எச்.ல டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. வாரிய அட்டை இருந்தா அதையும் கொண்டாங்க.”

அங்கேயே மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அத்தனை கண்கள் முதுகில் இருக்கும்போது வாய் வராது.

மறுநாள் லீவு போட்டு ஜி.எச்.சில் ஓ.பி. சீட்டு எடுத்தேன். எந்த டிபார்ட்மென்ட் என்று சீட்டு எழுதுகிறவருக்கே தெரியவில்லை. சர்ஜரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மனநலம், மனநலத்திலிருந்து திரும்பவும் சர்ஜரி. கடைசியில் ஒரு டாக்டர் முழுசாகக் காது கொடுத்துக் கேட்டார். “ஆபரேஷனே நடக்கலை, நான் என்னத்தை சர்டிஃபை பண்றது? கேக்குறவங்களை எழுத்துல கேக்கச் சொல்லுங்க.” ஒரு நாள் சம்பளம் போனது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அது தகும்.

ராத்திரி எங்கள் திருநம்பிகள் வாட்ஸ்அப் குழுவில் புலம்பினேன். திருச்சியில் இருக்கும் ஒரு அண்ணன், திருநர் சட்டத்துக்கு 2020-இல் வந்த விதிகளை பி.டி.எஃப்.பாக அனுப்பி, நாலு நிமிடத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டார். 2023-இல் இருந்த நிலைப்படி அதன் சாரம் இதுதான். 2019 திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் கலெக்டர் தரும் அடையாளச் சான்றிதழுக்கு நம் உறுதிமொழிப் பத்திரமே போதும், மருத்துவப் பரிசோதனை கூடாது என்று விதியிலேயே வெளிப்படையாக இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மாற்றிக்கொள்ள 7-ஆம் பிரிவு. டாக்டர் சான்று கேட்பது அதற்கு மட்டும். க்ளார்க் இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறார். வாரிய அட்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

விதிகளை இரண்டு பிரதி எடுத்தேன், அந்த வரியில் மஞ்சள் மார்க்கர். மனுவை நானே டைப் செய்தேன். விண்ணப்ப எண், தேதி, எத்தனை நாள் ஆயிற்று, எந்தப் பிரிவு. ஒரு பக்கம் தாண்டவில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குக் கிளம்பினால், வாசலில் அத்தை சாப்பாட்டு டப்பாவோடு செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு என்னை வளர்த்தவள். நான் விஷயத்தைச் சொன்ன பிறகு ஒரு வருஷம் என்னை ‘டி’ போட்டும் கூப்பிடவில்லை, ‘டா’ போட்டும் கூப்பிடவில்லை. “இந்தா, சாப்பிடு.” “இந்தா, கரண்டு பில் கட்டணும்.” ஒரு வருஷமாக என் பெயர் ‘இந்தா’. அன்றைக்கு ஏன் வந்தாள் என்று கேட்டதற்கு, “ஒத்தையில போனா ஏதாச்சும் சொல்லுவாய்ங்க” என்றாள். அவ்வளவுதான்.

மனு வாங்கிய அதிகாரி மஞ்சள் வரியைப் படித்தார், என்னைப் பார்த்தார், ஓரத்தில் ஏதோ எழுதி அதே செக்‌ஷனுக்கு அனுப்பினார். ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், அதற்குப் பிறகு ஆபீசில் நம் பெயரே அந்த எண்தான்.

மறுபடி அதே மேஜை. “டாக்டர் சர்டிபிகேட் எங்க?”

பிரதியை நீட்டினேன். அவர் படிக்கவில்லை. “இதெல்லாம் மேலிடத்துல கேக்கணும்.”

“சரி சார். டாக்டர் சர்டிபிகேட் வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க, வாங்கிட்டு வந்துடறேன்.”

பேனா மூடியைத் திறந்தார். கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்தார். பிறகு மூடினார். அந்த ‘டக்’ சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பக்கத்தில் நின்ற அத்தையிடம், “நீங்க யாரும்மா?” என்றார்.

“அத்தை. எங்கண்ணன் மகன் சார் இது.”

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன், க்ளார்க்குக்கு அந்தத் திருப்தியைக் கொடுக்க மனசில்லை. பஸ் ஸ்டாண்டில்தான், “ஏன்டா, ஒரு டீ குடிப்போமா?” என்றாள். குடித்தோம். சர்க்கரை அதிகம்.

உங்கள் வீட்டில், தெருவில், வேலையிடத்தில் எங்களைப் போல யாராவது இருந்தால், இப்படி ஒரு நாள் கூடப் போங்கள். சட்டம் தெரியவேண்டியதில்லை. ஆள் கூட இருந்தால் கேட்கிற கேள்வியின் தொனியே மாறிவிடுகிறது. எங்கள் அச்சக முதலாளி எந்தச் சான்றிதழும் கேட்காமல் வருகைப் பதிவேட்டில் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரைப் பேனாவால் எழுதினார். முப்பது விநாடி வேலை.

அந்த மூன்றாம் நடைக்குப் பிறகு எல்லாம் வேகம்தான். சான்றிதழைப் போர்ட்டலிலேயே இறக்கிக்கொண்டேன். பெயரின் ஆங்கில எழுத்துகளை மட்டும், நாளைக்கு ஆதாரில் எப்படி வேண்டுமோ அப்படியே விண்ணப்பத்தில் போட்டுவிடுங்கள்.

ஆதார் மையத்தில் அப்போது 50 ரூபாய், பத்து நிமிடம். அங்கிருந்த பெண் எண்டர் தட்டுவதற்கு முன் நிறுத்தினார். “அண்ணா, பேரை ரெண்டு தடவை மாத்தலாம். பாலினம் ஒரே தடவைதான். இப்ப திருநர்னு போட்டுட்டு, பின்னாடி ஆண்னு மாத்தணும்னா ரொம்ப அலையணும். யோசிச்சுக்கோங்க.” எனக்கு இது தெரியவே தெரியாது. பெயரை மட்டும் மாற்றினேன். பாலினம் 7-ஆம் பிரிவுச் சான்றிதழுக்காகக் காத்திருக்கிறது. உங்கள் முடிவு வேறாக இருக்கலாம், ஆனால் கவுன்ட்டருக்குப் போகும் முன்பே எடுத்துவிடுங்கள். எல்லா இடத்திலும் அந்தப் பெண் இருக்கமாட்டார். அவர் ‘அண்ணா’ என்றதையும் குறித்துக்கொள்ளுங்கள், யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

பேங்க் ஒரே நாளில் முடிந்தது. பாக்கி இருப்பது டிகிரி சான்றிதழ். பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து, அரசிதழில் (கெஜட்) பெயர் மாற்றம் வெளியாகியிருக்க வேண்டுமா, இந்தச் சான்றிதழே போதுமா என்று கேட்டேன். “லைன்ல இருங்க மேடம்” என்றார்கள். 11 நிமிடம் இருந்தேன். கட்டாகிவிட்டது. மஞ்சள் மார்க்கர் இன்னும் தீரவில்லை.