கவர்னர் மாளிகைக்கு ஒரு பக்க மனு

2016 மே 29ஆம் தேதி கிரண் பேடி புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராகப் பதவியேற்றபோது என்னிடம் இரண்டு பழைய ஒப்புகைச் சீட்டுகள் இருந்தன. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலைத் தூர்வாரக் கேட்டு ஓர் அலுவலகத்தில் கொடுத்த மனுக்களுக்கு உரியவை. இரண்டுக்குமே பதில் வரவில்லை.

2015 நவம்பர் மழையை ரெயின்போ நகர்ப் பக்கம் குடியிருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் கிரைண்டர் பாதி மூழ்கியது. நடக்க முடியாத மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பேர் தூக்கி எதிர்வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு நின்றது. பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். மாசி பிறப்பதற்குள் கோடு மறுபடி வெளியே தெரிந்தது.

அதற்கு முன் கவர்னர் மாளிகையைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. 2014 ஜூலையிலிருந்து முழுநேர ஆளுநர் கிடையாது. அந்தமான் துணைநிலை ஆளுநரே கூடுதல் பொறுப்பாகக் கவனித்துவந்தார். பாரதி பூங்காவில் பிள்ளைகளை விளையாடவிட்டு, எதிரே தெரியும் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வருவதோடு சரி. புதியவர் வந்ததும் செய்தித்தாளில் தினம் ஒன்று வந்தது. பிரமுகர்களின் வண்டிகள் சைரன் ஒலிக்கக் கூடாது என்றார்கள். மாலை 5 மணியிலிருந்து 6 மணி வரை பொதுமக்கள் வந்து குறை சொல்லலாம் என்றார்கள். சனி, ஞாயிறு காலைகளில் அவரே வாய்க்கால்களையும் குளங்களையும் பார்க்கப் போகிறார் என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா செய்தித்தாளோடு வந்து நின்றார். வாய்க்காலைத் தேடிப் போகிறவரிடம் நம் வாய்க்காலைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று கேட்டார்.

முதலில் நான்கு பக்கம் எழுதினேன். வாய்க்கால், தெருவிளக்கு, குண்டும் குழியுமான சாலை, நாய்த் தொல்லை என்று மனதில் இருந்ததெல்லாம் அதில் இருந்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் இருக்கிறார். அவர் படித்துவிட்டுச் சிவப்பு மையால் மூன்று பக்கங்களை அடித்துவிட்டார். தெருவிளக்கு ஒரு துறை, வாய்க்கால் இன்னொரு துறை. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் எந்தத் துறையும் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது என்றார். வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை வீடுகள், முன்பு மனு கொடுத்த தேதிகள், அந்தச் சீட்டுகளின் நகல், சுவர்க் கோட்டின் புகைப்படம். இவ்வளவுதான், ஒரே பக்கத்தில். மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இது. பழைய சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஜூன் கடைசியில் ஒரு மாலை அக்காவும் நானும் போனோம். வாயிலில் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த பாட்டியிடம் முதியோர் ஓய்வூதியப் புத்தகம். அதை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்து, பையை நான்காக மடித்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். ஆளுநர் கூடத்தின் மறுபக்கம் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு சிலரிடம் பேசிக்கொண்டிருந்தார். என் மனுவை வாங்கியது ஓர் அதிகாரி. ஆளுநரிடமே நேரில் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அதிகாரி புகைப்படத்தை நெடுநேரம் பார்த்தார். கோட்டின் உயரத்தை அளந்தீர்களா என்று கேட்டார். அளக்கவில்லை. பழைய சீட்டுகளின் தேதிகளைக் குறித்துக்கொண்டு, என் நகலில் ஓர் எண் எழுதிக் கொடுத்தார்.

அந்த மனு கடைசியில் போய்ச் சேர்ந்தது, பதிலே தராத அதே அலுவலகத்துக்குத்தான். ஆளுநர் மாளிகையில் மண்வெட்டி கிடையாது. ஆனால் இந்த முறை அவர்கள் யாருக்கோ பதில் எழுதியாக வேண்டியிருந்தது. மூன்று வாரம் கழித்து, இடத்தைக் காட்டச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தார்கள். ஆகஸ்டில் பொக்லைன் வந்தது. வாய்க்காலிலிருந்து தெர்மாகோல், கிழிந்த மெத்தை, ஒரு பாதிக் கதவு கூட வெளியே வந்தது. அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்படியே விட்டிருந்தால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே இறங்கியிருக்கும். அந்த எண்ணைச் சொல்லி மறுபடி பேசினேன். மூன்றாம் நாள் லாரி வந்தது.

ஒரு சாக்கடை வாய்க்காலுக்காக ஆளுநர் வரை போகவேண்டியிருந்ததே என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. பிறகு தேர்தலே இல்லை. எங்கள் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருந்திருந்தால் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். பின்னாளில் ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் இடையே அதிகாரம் யாருக்கு என்ற சண்டை நீதிமன்றம் வரை போனது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் கையில்தான் அதிகாரம் இருக்கவேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த மாலைகளில் கதவு திறந்திருந்ததை நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தூர்வாரியது பயன்பட்டதா என்று தெரிந்துகொள்ளக்கூட வழியில்லை. அடுத்த ஆண்டு மழைக்கு முன்பு நாங்களே போய்க் குப்பையை அகற்றினோம். ஐப்பசியில் ஓர் இரவு விடாமல் பெய்தது. மாமியார் தூங்கவில்லை, நாற்காலியை எடுத்து வைத்தாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டார்ச் விளக்கோடு வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் இரண்டாம் படி வரை வந்து நின்றிருந்தது. விடியற்காலையில் முதல் படியும் தெரிந்தது.