பழைய இராணுவ லாரியின் மேல் ஒரு பைபர் வீடு

இராணுவம் கழித்துவிட்ட ஒரு ஸ்டாலியன் லாரியை, கரண்ட் கம்பியும் தண்ணீர்க் குழாயும் இல்லாத இடத்தில் மூன்று நான்கு நாட்கள் தங்கும் வண்டியாக மாற்றுவதற்கு எனக்கு இரண்டரை ஆண்டுகள் ஆயின. அதில் ஓர் ஆண்டு, தவறான முறையில் கட்டிய கூண்டைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவதற்கே போனது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு, குறிப்பாகக் கடற்கரையை ஒட்டி வண்டியை வைத்திருக்கப் போகிறவர்களுக்கு, அந்த ஓர் ஆண்டாவது மிச்சமாக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பிரிவில் 22 ஆண்டுகள் கற்பித்தவன். ராமநாதபுரம் மாவட்டத்தில் வாலிநோக்கம் தொடங்கி மூக்கையூர் வரை உள்ள கரையில் தங்குவதற்கு விடுதிகள் இல்லை. விடியற்காலையில் அங்கு இறங்கும் பறவைகளைப் பார்க்க வேண்டுமென்றால் முந்தைய இரவே அங்கு இருந்தாக வேண்டும். என் மனைவிக்கும் எனக்கும் இருந்த இந்தத் தேவையிலிருந்துதான் வண்டி எண்ணம் பிறந்தது.

லாரியை நான் நேரடியாக ஏலத்தில் எடுக்கவில்லை. எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் வழியாக நடக்கும் மின்னணு ஏலங்களில் இராணுவ வண்டிகள் வருவதுண்டு. ஆனால் அங்கு எல்லாமே ‘உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில்’ என்ற நிபந்தனையில் விற்கப்படுபவை. வண்டியாக விற்கிறார்களா, பழைய இரும்பாக விற்கிறார்களா என்பதை ஏலக் குறிப்பில் படித்துத் தெளிந்த பிறகே பணத்தைக் கட்ட வேண்டும். பழைய இரும்பாக எடுத்ததை வைத்துக்கொண்டு பதிவுக்கு அலைந்து கைவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இராணுவப் பயன்பாட்டிலிருந்து விலகிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, மற்ற வண்டிகளைப் போலவே முறையாகப் பதிவு செய்தாக வேண்டும். என் லாரியை முதலில் எடுத்தவர் அந்த வேலையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடித்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஓர் உப்பு வியாபாரிக்கு விற்றிருந்தார். 2021இல் அந்த வியாபாரியிடமிருந்து ரூ. 4,60,000க்கு நான் வாங்கினேன். சரக்கு வண்டியை கேம்பராக, அதாவது தங்கும் வண்டியாக, மாற்றுவதற்கு அதே சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி முன் அனுமதி தேவை. இத்தகைய தங்கும் வண்டிகளான மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலையும் இருக்கிறது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்தைக் கொடுத்துப் பேசிவிடுங்கள், கட்டி முடித்த பிறகு போய் நிற்காதீர்கள்.

ஸ்டாலியன் அசோக் லேலண்ட் வடிவமைத்து, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் இராணுவத்துக்காகத் தயாரிக்கப்பட்ட நான்கு சக்கர இயக்க லாரி. பழைய சக்திமான் லாரிகளின் இடத்தை நிரப்ப வந்தது. எனக்கு வேண்டியவை அதன் உயரமும், பின்னாலும் ஒற்றைச் சக்கரமாக இருந்ததும்தான். பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே போவதால், மணலில் புதுத் தடம் வெட்டும் பாடு அதற்கு இல்லை.

என்ஜின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எந்த நல்ல ஒர்க்‌ஷாப்பிலும் முடியும்: இன்ஜெக்டர் நாசில்கள், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், ஏர் பிரேக்கின் டயாபிரம்கள் அனைத்தும் மாற்றப்பட்டன. உண்மையான வேலை சேசிஸில், அதாவது லாரியின் அடிச்சட்டத்தில், இருந்தது. உப்பு ஏற்றிய வண்டி என்பதால் குறுக்குச் சட்டங்களின் உள்மூலைகளில் துரு ஏடு ஏடாகக் கழன்றது. கம்பி பிரஷ்ஷும் கிரைண்டரும் கொண்டு வெள்ளி நிறம் தெரியும் வரை தேய்த்துவிட்டு, அன்றிரவே பிரைமர் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். நல்லவேளையாக மழை தூறியதால் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை தார்ப்பாயை விலக்கியபோது, பளபளப்பாக இருந்த இரும்பின் மேல் கடுகளவு கடுகளவாகக் கறுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளி வியர்வை. துருக்குழியின் அடியில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி மறுபடி வேலையைத் தொடங்கியிருந்தது. அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டை அடித்தாலும் ஆறு மாதத்தில் கொப்புளம் வந்துவிடும்.

இதற்கு மருந்து நல்ல தண்ணீர்தான். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரே உப்பு என்பதால், காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வைத்து, அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவுவது, காய வைப்பது, தேய்ப்பது, ஓர் இரவு விட்டுப் பார்ப்பது என்று ஐந்து முறை செய்தோம். ஐந்தாம் நாள் காலைதான் புள்ளி வரவில்லை. அதற்குப் பிறகே துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர் இரண்டு கை அடித்து, சட்டங்களின் உட்புறத்தில் மெழுகுக் கலவையைப் பீய்ச்சினோம்.

பின்கதவுத் தகட்டைச் சுரண்டும்போது, உப்பு வியாபாரி அடித்திருந்த நீலத்துக்குக் கீழே பழைய ஆலிவ் பச்சையும், இராணுவ எண்ணின் முன்னால் வரும் மேல்நோக்கிய அம்புக்குறியின் மங்கலான தடமும் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். அந்த நிறத்திலேயே வைத்துக்கொள்ளச் சிலர் ஆசைப்படுவார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறைக்கு மட்டுமே உரியது. என் வண்டி இப்போது முழு வெள்ளை.

இனி அந்த வீணான ஓர் ஆண்டு. வெளியூரில் பஸ் பாடி கட்டும் ஒரு பட்டறையில், சதுர இரும்புக் குழாய்களால் சட்டம் போட்டு, மேலே தகடு அடித்து, சேசிஸின் நீளம் முழுவதும் யு-போல்ட் போட்டு இறுக்கி வாங்கினேன். சாலையில் நன்றாகத்தான் இருந்தது. மூக்கையூர்ப் பக்கம் ஒரு மண் தடத்தில் இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியபோது, உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். பின்கதவு திறக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு.

வீட்டுக்கு வந்து, ஒரு முன்சக்கரத்தை ஓர் அடி உயர மரக்கட்டையின் மேல் ஏற்றி நிறுத்தி, கதவுச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்தேன். சமமாக இருக்க வேண்டியவை 11 மி.மீ. வேறுபட்டன. மேடு பள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையில் பதிய வேண்டும் என்பதற்காகவே இத்தகைய லாரியின் ஏணி வடிவச் சேசிஸ் முறுக்கிக் கொடுக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. அதன் மேல் முறுக்கிக் கொடுக்காத ஒரு பெட்டியை இறுக்கிக் கட்டினால், ஒன்று பெட்டி உடையும், அல்லது சேசிஸ் விரிசல் விடும். பாடம் நடத்தும்போது கரும்பலகையில் நானே பல முறை வரைந்த படம் அது. ஆனால் கட்டும்போது பட்டறைக்காரரின் வழக்கத்துக்கு விட்டுவிட்டேன்.

இரண்டாம் முறை, பெட்டிக்குக் கீழே தனியாக ஒரு சப்-பிரேம் (துணைச் சட்டம்) செய்தேன். அது பின் அச்சுக்கு மேலே மட்டும் சேசிஸோடு இறுக்கமாக இணைக்கப்பட்டிருக்கிறது. மற்ற இடங்களில் சும்மா உட்கார்ந்திருக்கும், இடையில் தேயாத நைலான் பட்டை. கேபினுக்குப் பின்னால் இருபுறமும் மும்மூன்று சுருள்வில்கள் நீண்ட போல்ட்டுகளின் மேல் அழுத்தி மாட்டப்பட்டுள்ளன. சேசிஸ் முறுக்கும்போது அந்தப் பக்கத்துச் சப்-பிரேம் வில்லை அழுத்திக்கொண்டு மேலே எழும்பும், பெட்டி நேராகவே இருக்கும். அதே மரக்கட்டைச் சோதனையில் முன்மூலை 35 மி.மீ. எழும்பியது. மூலைவிட்ட வேறுபாடு 1 மி.மீ.க்குள் அடங்கியது.

பெட்டியை எதில் கட்டுவது என்ற கேள்விக்கு விடை மண்டபத்துக்குப் பக்கத்தில் பைபர் படகு கட்டும் ஒரு கொட்டகையில் கிடைத்தது. இந்தக் கரையில் பல பத்தாண்டுகளாக உப்புக் காற்றில் நின்று பிழைக்கும் பொருள் எது என்று பார்த்தால், அது பைபர் வல்லம்தான். இரும்புக் கூண்டைத் தேடி வெளியூர் போனதற்கு நான் இன்றும் வருந்துகிறேன். அந்தக் கொட்டகையின் மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது கவுத்துப் போட்ட வல்லம்தானே. தண்ணி உள்ள வராம இருக்கணும், அம்புட்டுத்தானே?” என்றார்.

வெப்பம் புகாமலிருக்க இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே 2 அங்குல நுரைப் பலகை வைக்கத் திட்டமிட்டோம். விலை குறைவு என்பதால் நான் தெர்மாகோல் வாங்கிப் போயிருந்தேன். மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் ஓரடித் துண்டு ஒன்றை எடுத்து வைத்து, ரெசினைப் பிரஷ்ஷால் ஒரு தடவு தடவினார். வெந்நீரில் விழுந்த கருப்பட்டியைப் போல, தடவிய இடம் கண் முன்னே குழிந்து, சுருங்கி, அடியில் பிசினாகத் தேங்கியது. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். “பாத்துக்கிட்டீயளா தம்பி” என்றார், அவ்வளவுதான். பி.யு. (பாலியூரித்தேன்) நுரைப் பலகைதான் பிறகு வாங்கினோம்.

மெழுகு தடவிய மைக்கா மேசையின் மேல் வெளிப்பூச்சாக வெள்ளை ஜெல்கோட், பிறகு இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு), ஓர் அடுக்கு ரோவிங் (நெய்த கண்ணாடி இழை), நுரைப் பலகை, அதன் மேல் மறுபடி மேட், மேலே பாரத்துக்கு மணல் மூட்டைகள். இப்படி ஆறு பலகைகள். போல்ட் வர வேண்டிய இடங்களில் மட்டும் நுரையை வெட்டி எடுத்துவிட்டு, ரெசினில் முக்கிய மரத்துண்டை வைத்தோம். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டின் அளவை மேஸ்திரி தம் கையால்தான் ஊற்றுவார். சித்திரை வெயிலில் மதியம் கலந்தால் மேட் நனைவதற்கு முன்பே மக்கில் இறுகிவிடும் என்பதால், அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுவோம். அந்த இறுக்கத்தை விரைவாக்கும் கோபால்ட் பாட்டிலும் கேட்டலிஸ்ட் பாட்டிலும் கொட்டகையின் எதிரெதிர் மூலைகளில் இருக்கும். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் போட வேண்டும். வீட்டில் தனியாகச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் இந்த ஒன்றை மறக்கவே கூடாது.

14 அடி நீளம், ஏழரை அடி அகலப் பெட்டி, சாமான்கள் இல்லாமல் 640 கிலோதான் வந்தது. எல்லாம் பொருத்தித் தண்ணீரும் நிரப்பி எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக ஏற்றிப் பார்த்தபோது, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்கு 2 டன்னுக்கும் மேல் குறைவாகவே இருந்தது.

மின்சாரத்தில் என் விதி ஒன்றே: முதலில் செலவைக் கணக்கிடு, பிறகு சோலார் பலகையை வாங்கு. 28 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி இரண்டு, சிறிய டி.சி. ஃபிரிட்ஜ், விளக்குகள், பம்ப், போன், லேப்டாப் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 2 யூனிட்டுக்குள் அடங்கும். கூரையில் 335 வாட் சோலார் பலகைகள் மூன்று. பங்குனி வெயிலில் நாளுக்கு 4 யூனிட் வரை தருகின்றன, கார்த்திகை மூட்டத்தில் ஒன்றரையாகக் குறையும். 24 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஏறக்குறைய 5 யூனிட் தாங்குவதால் இரண்டு நாள் மூட்டம் கவலையில்லை. ஏ.சி. வைக்கவில்லை. பலகைகளைக் கூரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்தி மாட்டியதால் அவையே கூரைக்கு நிழலாகின்றன. மற்றதைக் காற்று பார்த்துக்கொள்கிறது. ஆனி ஆடியில் கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும்போது வண்டியின் பக்கவாட்டை மேற்குக்கும், வாடைக் காலத்தில் முகப்பை வடக்குக்கும் கொடுத்து நிறுத்த வேண்டும் என்பதை மீனவர்களிடம்தான் கற்றேன். வயரிங்கில் நெகட்டிவுக்குச் சேசிஸைப் பயன்படுத்தாமல், வெள்ளீயம் பூசிய தனிச் செம்பு வயரே இழுத்தேன். உப்புக் காற்றில் சேசிஸ் எர்த் முதலில் அரிக்கும் இடமாகிவிடும்.

தண்ணீர்த் தொட்டி இரண்டு, மொத்தம் 300 லிட்டர், அச்சுகளுக்கு நடுவே தாழ்வாக. பேட்டரி அதற்கு எதிர்ப்பக்கம். ஐந்து கிலோ கேஸ் சிலிண்டருக்கு வெளியிலிருந்து திறக்கும் தனி அறை, அதன் அடித்தளத்தில் திறந்த துளை. கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கி வெளியேற வழி இருக்க வேண்டும்.

மணலில் ஓட்டுவதை, 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வருவதற்கு முன்பு தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டிய ஒருவர் கற்றுக்கொடுத்தார். டயர் காற்றழுத்தத்தை 70 பி.எஸ்.ஐ.யிலிருந்து 30க்கு இறக்கி, டயரின் வயிறு பிதுங்கும் அளவுக்கு வந்ததும், லோ கியரில் நிற்காமல் மெதுவாகப் போக வேண்டும். சிக்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் வந்த தடத்திலேயே பின்னால் எடுக்க வேண்டும். திரும்பக் காற்று ஏற்ற, ஏர் பிரேக் டேங்கிலிருந்தே ஒரு குழாய் எடுத்து வைத்திருக்கிறேன். கடற்கரையில் இதைச் செய்வதற்கு எல்லை உண்டு: மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட பகுதிகளிலும், ஆமை முட்டையிடும் மணலிலும் சக்கரம் படவே கூடாது. தங்கும் இடத்தில் ஊர்த் தலைவரிடம் கேட்டுவிட்டு, வலை காயப்போடும் இடத்தையும் மீன்வாடியையும் விட்டுத் தள்ளி நிறுத்துவோம். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் காவல் நிலையத்தில் முன்கூட்டியே வண்டி எண்ணைக் கொடுத்துவிடுவது வழக்கம். இரவில் இவ்வளவு பெரிய வண்டி கரையில் நின்றால் அவர்கள் வந்து விசாரிப்பது அவர்கள் கடமை.

சென்ற மாதம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, மூன்றாவது குறுக்குச் சட்டத்தின் இடது மூலையில், பிரைமருக்கு அடியிலிருந்து மிளகளவு ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. கத்தி முனையால் குத்தினேன், உள்ளே ஈரமும் கறுப்பும். அந்த மூலைக்கு ஐந்தாம் முறைத் தண்ணீர் சரியாகப் போய்ச் சேரவில்லை போலும். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அந்தச் சட்டத்தை மட்டும் திரும்பத் தேய்த்து, கழுவி, ஓரிரவு விட்டுப் பார்க்க வேண்டும். குடிநீர் லாரிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.