மேற்படி

“எம்.5இல இருக்கிற கையெழுத்து உங்களுடையதுதானே?”

“என்னுடையதுதாங்கய்யா. ஆனா...”

“ஆமாவா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”

“ஆமா.”

பதிவான சாட்சியத்தில் இருப்பது ஒரே வரி: “எம்.5இல் உள்ள கையெழுத்து என்னுடையது.” அந்த “ஆனா” தட்டச்சாகவில்லை. நடத்துநர் பணிநீக்க வழக்கில் நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. பதில் வந்ததும் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். போனேன். சரியாகத்தான் செய்தேன் என்று இன்றும் நினைக்கிறேன். அந்தத் தாள்தான் மனதை விட்டுப் போகவில்லை.

எம்.5 என்பது நிர்வாகத் தரப்பின் ஐந்தாவது ஆவணம், செக்கர்கள் பேருந்திலேயே நடத்துநரிடம் வாங்கிய வாக்குமூலம். இரண்டு பயணிகள், ஆளுக்கு 23 ரூபாய். “மேற்படி பயணிகளிடம் கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு பயணச்சீட்டு வழங்காதது என் தவறு” என்று அரைப் பக்கம், அழுத்தம் மாறாத எழுத்தில், நேர்கோட்டில். கீழே கையெழுத்து மட்டும் ஓடுகிற வண்டியில் போட்டது போல இழுபட்டிருந்தது. மாட்டிக்கொண்ட பதற்றத்தில் ஒரு மனிதர் “மேற்படி” என்றா எழுதுவார்? அது அலுவலகத்துச் சொல். ஆனால் 19 வருடம் குறிப்பாணைக்கு விளக்கம் எழுதிப் பழகியவருக்கு அந்தச் சொல் கைக்கு வந்திருக்கவும் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறேன்.

சட்டம் என் பக்கம் இருந்தது. பயணிகளைச் சாட்சியாகக் கொண்டுவராததால் மட்டும், நிர்வாகமே நடத்தும் உள்விசாரணை கெடாது, சாட்சியச் சட்டத்தின் கறார் விதிகள் அங்கே பொருந்தாது என்று 1977இல் ஹரியானா நடத்துநர் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிவிட்டார். தொகை சிறியது என்று, அப்போதிருந்த தொழில் தகராறுகள் சட்டத்தின் 11ஏ பிரிவின் கீழ் தண்டனையைக் குறைக்கக் கேட்டிருக்கலாம். ஆனால் நம்பிக்கையின் பேரில் பணம் கையாளுகிறவர் விஷயத்தில் தொகை முக்கியமில்லை என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. உள்விசாரணை செல்லாது என்றானால் குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே நிரூபிக்க அனுமதி வேண்டும் என்ற பத்தியும் நாங்கள் தாக்கல் செய்த எதிருரையில் இருந்தது. ஜூனியர்கள் அதை விட்டுவிடுவார்கள். 2001இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்ன பிறகு, அதை முதல் எதிருரையிலேயே கேட்டுவைக்காத நிர்வாகத்துக்குப் பிறகு வழியில்லை. எல்லாம் முறையாக இருந்தது.

செக்கர்களின் அறிக்கையில், நடத்துநர் கையிலிருந்த பணத்தை எழுதும் கைப்பணக் கட்டம் மட்டும் காலி. வண்டியில் ஏறியதும் அவர்கள் நடத்துநரின் டிக்கெட் கணக்குத் தாளான வே பில்லில் டிக்கெட் எண்களை முடித்து, விற்ற டிக்கெட்டின் தொகையைப் பையில் இருக்கும் பணத்தோடு ஒப்பிட வேண்டும். 46 ரூபாய் கூடுதலாக இருந்திருந்தால் யார் எழுதிய வாக்குமூலமும் தேவைப்பட்டிருக்காது. எண்ணவில்லை. எதிர்த்தரப்பு அதைக் கேட்கவில்லை, என் குறுக்கு விசாரணை முடிந்து அவர்கள் கேள்வி கேட்கும் மறுவிசாரணையில் அந்த “ஆனா”வுக்குத் திரும்பவும் இல்லை. அது அவர்கள் வேலை. என் கட்சிக்காரர் அரசுப் போக்குவரத்துக் கழகம், அதன் பணம் மக்களுடையது. இப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே இன்னொன்றும் தோன்றுகிறது: வாயைத் திறந்தவரை நிறுத்தியது எதிர்த்தரப்பு இல்லை, நான்.

இதற்கு நேர் எதிரானதையும் பார்த்திருக்கிறேன். ஊதிய ஒப்பந்தத் தகராறு நிலுவையில் இருக்கும்போது ஒருவரைப் பணிநீக்கம் செய்தால் அதே சட்டத்தின் 33(2)(பி) பிரிவு பொருந்தியது: பணிநீக்க ஆணை, ஒரு மாத ஊதியம், தகராறை விசாரிப்பவரிடம் ஒப்புதல் மனு, மூன்றும் ஒரே நடவடிக்கையாக நடக்க வேண்டியிருந்தது. கணக்குப் பிரிவில் யாரோ அகவிலைப்படியைச் சேர்க்காமல் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் மணியார்டர் அனுப்பிவிடுவார்கள். ஒப்புதல் மறுக்கப்படும். ஒப்புதல் இல்லாத பணிநீக்கம் இல்லாததற்குச் சமம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2002 தீர்ப்பு. கையும் களவுமாகப் பிடிபட்டவர் முழுச் சம்பள பாக்கியோடு பணிக்குத் திரும்புவார். அந்தக் கோப்புகளை நினைத்து நான் தூக்கம் கெட்டதில்லை. ஏன் என்று யோசித்தால், அங்கே தோற்றது அலுவலகம், ஒரு குடும்பம் அல்ல.

விசாரணைக்கு முன்பே, பணிநீக்கத்தை விலக்கி ஊதிய உயர்வை நிறுத்திவைப்பதோடு முடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அரசு நிறுவனத்தில் சமரசத்துக்கு ஓர் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். நாளை தணிக்கைக் குறிப்பு வந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். வழக்கில் தோற்றால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, நீதிமன்றம் சொன்னது என்று கோப்பு மூடப்படும். அதனால் தோற்கக்கூடிய வழக்கையும் நடத்தச் சொல்வார்கள். இது உண்மை. நான் எழுதிக் கொடுக்கவே இல்லை என்பதும் உண்மை.

அவார்டு, அதாவது தொழிலாளர் நீதிமன்றத்தின் தீர்ப்பு, நிர்வாகத்துக்குச் சாதகமாக வந்தது. எம்.5 அதில் தனிப் பத்தியாகவே இருக்கிறது: கையெழுத்தை மனுதாரரே ஒப்புக்கொண்டுள்ளார்.

இப்போதெல்லாம் கோப்பு வந்ததும் கைப்பணக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். காலியாக இருந்தால் சட்ட அலுவலருக்கு ஒரு குறிப்பு எழுதுகிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை. குறுக்கு விசாரணை நாளில் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். “ஆனா” என்று தொடங்கினால் நிறுத்துகிறேன்.