டியூனிங்: தூரத்திலிருந்து செய்வதா, டைனோ மேல் ஏற்றுவதா?

என் கார் சுபாரு இம்பிரெஸா எஸ்டிஐ. உள்ளே இருப்பது இஜே257, 2.5 லிட்டர் டர்போ எஞ்சின். இந்த எஞ்சினை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு: ரிங்லேண்ட். பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே நிற்கும் மெல்லிய விளிம்பு அது. கம்பெனி பிஸ்டன் வார்ப்பு வகை. எஞ்சின் பலமாக நாக் அடித்தால், அதாவது பெட்ரோல் கலவை நேரம் தப்பித் தானாக வெடித்தால், அந்த விளிம்பு விண்டுபோகும். அப்புறம் எஞ்சினை இறக்கிப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் எஞ்சின் கணினியின் அமைப்பைத் திருத்தும் டியூனிங் என்றதும் எத்தனை குதிரைசக்தி கூடும் என்ற கேள்வி எனக்கு இரண்டாவதுதான்.

பாகங்களை மாற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்த யோசனையில் வந்து நிற்கிறார்கள். எங்கோ இருக்கும் டியூனருக்கு லாக், அதாவது ஓடும்போது சென்சார்கள் சொன்ன எண்களின் பதிவை அனுப்பி, அவர் திருத்தித் தரும் மேப்பை, அதாவது எஞ்சின் கணினி பார்த்து நடக்கும் அட்டவணைகளை, நாமே ஏற்றிக்கொள்வதா? அல்லது காரை ஓட்டிப்போய், எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோ உருளைமேல் கட்டி, டியூனர் பக்கத்தில் உட்கார்ந்து செய்வதா? நான் இரண்டையும் செய்திருக்கிறேன். எது உசத்தி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. காரில் என்ன மாற்றியிருக்கிறீர்கள், அதில் எதை லாக் காட்டும், எதைக் காட்டாது என்று கேட்டால் நிறையச் சொல்வேன்.

லாக் நன்றாகக் காட்டுவது எரிபொருளை. என் காரில் முதலில் மாறியது ஏர் இன்டேக்கும், டர்போவிலிருந்து புகையைக் கீழே கொண்டுபோகும் டவுன்பைப்பும். இன்டேக் குழாயின் விட்டம் மாறினால், உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரின் கணக்கே மாறிவிடும். அதே அளவு காற்றுக்கு சென்சார் வேறு வோல்டேஜ் சொல்லும், எஞ்சின் கணினியான ஈசியூ அதை நம்பித் தப்பான அளவு பெட்ரோல் ஊற்றும். இதைச் சரிசெய்ய டியூனர் பக்கத்தில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. மெதுவாக ஓட்டும்போது ஈசியூ தானாகச் செய்துகொள்ளும் கூட்டல் கழித்தல், அதாவது ஃப்யூவல் ட்ரிம், லாக்கில் அப்படியே பதிவாகிறது. அது 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 10 சதவீதத்தைத் தாண்டினால் அளவு தப்பு என்று பொருள், அல்லது எங்கோ காற்று கசிகிறது. முழு ஆக்ஸிலேட்டரில் அந்த ட்ரிம்மை நம்ப முடியாது. அங்கே காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கத் தனியாக ஒரு வைட்பேண்ட் சென்சார் வேண்டும். நான் மாட்டியிருப்பது பாஷ் எல்எஸ்யு 4.9. பெட்ரோல் முழுதாக எரிய 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று போதும் என்றாலும், டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது 11 அல்லது 11.5 பக்கம் செழிப்பாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, ஓடவேண்டும். அந்த எண்ணைக் கண்ணால் பார்க்காமல் பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தம், ஏற்றச் சொல்லும் டியூனர், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் வேண்டாம்.

கசிவைக்கூட லாக் காட்டிக்கொடுக்கும். ஒரு கட்டத்தில் என் காரில், பூஸ்டைக் கூட்ட ஈசியூ கொடுக்கும் கட்டளையான வேஸ்ட்கேட் டூட்டி வழக்கத்தைவிட மேலே போனது, பூஸ்ட் மட்டும் இலக்கைத் தொடவில்லை, காற்று-பெட்ரோல் விகிதமோ 10 பக்கம் இறங்கியது. தூரத்து டியூனர் மேப்பைத் தொடவே இல்லை. "டர்போவுக்கு அப்புறம் எங்கயோ காத்து வெளிய போகுது, முதல்ல அதப் பாருங்க" என்று மட்டும் எழுதினார். அவருடைய கணக்கு எளிமையானது. எம்ஏஎஃப் அளந்த காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விட்டது, பெட்ரோல் மட்டும் முழு அளவில் வந்தது, அதனால் கலவை செழித்தது. குழாயில் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் இணைப்பில் கிளாம்ப் சூட்டில் தளர்ந்திருந்தது தெரிந்தது. முகம் பார்த்திராத ஒருவர் சில எண்களை வைத்து அதைச் சொன்னார். தூரத்து டியூனிங் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இனி லாக் காட்டாத பக்கம். அதில் முதல் இடம் சத்தத்துக்கு.

நாக் சென்சார் என்பது பிளாக்கில் திருகியிருக்கும் ஓர் அதிர்வு உணரி, அவ்வளவுதான். அதற்குக் காது கிடையாது. சிலிண்டர் அகலத்தைப் பொறுத்து நாக்குக்கு ஓர் அதிர்வெண் உண்டு. இஜே257-இன் 99.5 மில்லிமீட்டர் போருக்கு அது ஏறக்குறைய 5.8 கிலோஹெர்ட்ஸ் வரும். அந்த அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் வேறு எது அதிர்ந்தாலும் ஈசியூவுக்கு அது நாக்தான். என் லாக்கில் 3400 ஆர்பிஎம் வரும்போதெல்லாம், நாக் என்று நினைத்து ஈசியூ தீப்பொறி நேரத்தைப் பின்னுக்கு இழுத்த அளவைக் காட்டும் ஃபீட்பேக் நாக் பத்தியில் −1.4 டிகிரி விழுந்துகொண்டிருந்தது. எப்போதாவது ஒருமுறை வந்தால் சத்தம் என்று தள்ளிவிடலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் தள்ளிவிட முடியாது. தூரத்து டியூனர் அந்த இடத்தில் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, குறைத்து அனுப்பினார். மறுபடி லாக், மறுபடி அதே −1.4. இன்னும் குறைத்தார். அது அசையவில்லை. உண்மையான நாக்காக இருந்தால் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க இழுக்க மறைந்திருக்கவேண்டும். மறையாததே ஒரு துப்பு. ஆனால் துப்பை வைத்து எஞ்சின்மேல் பந்தயம் கட்ட அவரும் தயாராக இல்லை, நானும் இல்லை.

பெரிய டர்போவும் இன்ஜெக்டர்களும் மாட்டியபோது டைனோவுக்குப் போக இந்தச் சந்தேகமும் ஒரு காரணம். அங்கே டியூனர் பிளாக்கில் ஒரு மைக்கை மாட்டி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனை என் தலையில் மாட்டினார். எஞ்சினின் இரைச்சலுக்குள் வால்வ்கள் ஒரே சீராகத் தட்டுவது கேட்டது. 3400 வந்ததும் மந்தமான ஒரு அதிர்வு, தகரம் துடிப்பதுபோல. "தம்பி, இது எஞ்சின் சத்தமே இல்ல. நாக்னா கூர்மையா, தனித்தனியா டக் டக்குனு விழும். கீழ எதுவோ இடிக்குது" என்றார். காரைத் தூக்கிப் பார்த்தோம். டவுன்பைப், காரின் அடியில் குறுக்காக ஓடும் கிராஸ்மெம்பர் சட்டத்தில் உரசி, உரசிய இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. பிராக்கெட்டைக் கொஞ்சம் நகர்த்தினார். அந்த −1.4 அதோடு போயிற்று, முன்பு கழித்த டைமிங் திரும்ப வந்தது. இதை எந்த லாக் கோப்பிலும் கண்டுபிடிக்க முடியாது.

லாக் காட்டாத இன்னொன்று டார்க், அதாவது எஞ்சினின் முறுக்குவிசை. டியூனிங்கின் சாரமே இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் லோடுக்கும் எந்த டைமிங்கில் அதிக டார்க் கிடைக்கிறது, அதில் மிகக் குறைந்த டைமிங் எது? அதைத் தேடவேண்டும். பிரேக் உள்ள டைனோவில் ஆர்பிஎம்மை ஓர் இடத்தில் பிடித்து நிறுத்திவைக்கலாம். அங்கேயே ஒரு டிகிரி முன்னே தள்ளினால் டார்க் முள் ஏறுகிறது. இன்னொரு டிகிரி தள்ளினால் கொஞ்சமாக ஏறுகிறது. அடுத்ததில் நகரவே இல்லை என்றால் ஒரு படி பின்னே வந்து நிறுத்திக்கொள்ள வேண்டும். வெறும் எடை உருளை மட்டும் உள்ள இனெர்ஷியா டைனோவில் இப்படி நிறுத்திப் பிடிக்க முடியாது, ஓட்டத்துக்கு ஓட்டம் கோடுகளை ஒப்பிடத்தான் முடியும். சாலையில் இதற்கு வழியே இல்லை. வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் ஏவிசிஎஸ் கேம் கோணத்துக்கும் இதே கதைதான். எந்தக் கோணத்தில் எஞ்சின் நன்றாக மூச்சு வாங்குகிறது என்பதற்கு டார்க் அளவு வேண்டும், ஊகம் உதவாது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் டைனோவைத் தூக்கிப் பேசியதாகிவிடும். சாதாரண பெட்ரோலில், அதிக பூஸ்டில் ஓடும் எஞ்சினில், அதிக டார்க் தரும் அந்த டைமிங்கை எட்டுவதற்கு முன்பே நாக் வந்துவிடும். அங்கே எல்லையை வகுப்பது நாக்தான், டார்க் இல்லை. அதனால் முழு ஆக்ஸிலேட்டர் டைமிங்கைப் பொறுத்தவரை, அந்த எஞ்சினில் பழுத்த தூரத்து டியூனர் டைனோக்காரருக்கு ரொம்பவும் பின்னால் இருக்கமாட்டார். டைனோ உண்மையில் கொட்டிக் கொடுப்பது பாதி ஆக்ஸிலேட்டரில், கேம் மாற்றிய எஞ்சினில், எத்தனால் மிகுந்த ஈ85 போல நாக்கை நன்றாகத் தாங்கும் எரிபொருளில்.

டைனோவும் ஏமாற்றும். என் காரில் இன்டர்கூலர் எஞ்சின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது, பானெட் துவாரம் வழியாகத்தான் அதற்குக் காற்று. டைனோ அறையில் முன்னால் வைத்த மின்விசிறி ரேடியேட்டரைப் பார்த்து ஊதினால் இன்டர்கூலர் வெந்துபோகும். இதில் இன்னொரு சிக்கல்: எஸ்டிஐயில் காற்று வெப்ப சென்சார் எம்ஏஎஃப் கூட்டுக்குள், டர்போவுக்கு முன்னாலேயே இருக்கிறது. டர்போ சூடாக்கி அனுப்பும் காற்றின் வெப்பம் ஈசியூவுக்குத் தெரியவே தெரியாது, லாக்கில் எல்லாம் குளுமையாகத் தெரியும். என் டியூனர் இன்னொரு விசிறியைத் துவாரத்துக்கு நேராகத் திருப்பிவைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே இன்டர்கூலரைக் கையால் தொட்டுப் பார்த்தார். இதைச் செய்யாத இடத்தில் காரை விடாதீர்கள். நாலு சக்கரத்தையும் எஞ்சின் சுழற்றும் கார் என்றால் நாலு சக்கர டைனோதான் வேண்டும் என்பதையும் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கடைசியில் தாளில் வரும் குதிரைசக்தி எண்ணை அடுத்தவர் காரோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை. டைனோவுக்கு டைனோ அது மாறும். அதே டைனோவில், அதே நாளில், முன்னும் பின்னும் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

தூரத்து டியூனிங்கில் எனக்கு உறுத்துவது லாக் எடுக்கும் இடம். 2500 ஆர்பிஎம்மில் இருந்து ரெட்லைன் என்னும் உச்ச ஆர்பிஎம் வரை முழு ஆக்ஸிலேட்டர் கேட்பார்கள். மூன்றாவது கியரிலேயே அது பொதுச் சாலை வேகம் இல்லை. மூன்றாவதில் எஞ்சின் வேகமாக ஏறிவிடுவதால் சூடு சேர நேரமில்லை, நான்காவதில் வரக்கூடிய நாக் அங்கே ஒளிந்துகொள்ளும். நான்காவதில் எடுக்கவோ ரேஸ் டிராக் வேண்டும். டிராக் கிடைக்காதவர்களுக்கு இந்த ஒரு காரணமே டைனோவுக்குப் போகப் போதும் என்பேன். தெருவில் இதைச் செய்யாதீர்கள். உங்கள் எஞ்சினைவிட எதிரே வருகிறவர் முக்கியம்.

ஆனால் டைனோவில் ஒரே நாளில் முடியாத வேலை ஒன்று இருக்கிறது: குளிர்ந்த எஞ்சின். டைனோவில் எஞ்சின் எப்போதும் சூடாகவே இருக்கும். பெரிய இன்ஜெக்டர் போட்டபின் காலையில் முதல் ஸ்டார்ட் எப்படி, ஏசி போட்டால் ஐடில் இறங்குகிறதா, நெரிசலில் ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டால் திணறுகிறதா என்பதெல்லாம் காரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரியவரும். என் கார் டைனோவில் அற்புதமாக ஓடியது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இருமியது. அதைச் சரிசெய்தது தூரத்திலிருந்துதான். ஒவ்வொரு காலையும் ஒரு சிறு லாக், சாயங்காலம் ஒரு சிறு திருத்தம். இந்த வேலையில் அவசரக்காரருக்கு இடமில்லை. டைனோ டியூனரிடம் பணம் கொடுக்கும் முன்பே, பிறகு லாக் அனுப்பினால் பார்ப்பீர்களா, மேப்பைப் பூட்டிவிடுவீர்களா என்று கேளுங்கள். பூட்டிய மேப்பை நாளைக்கு வேறொருவர் தொட முடியாது.

இரண்டையும் கலந்து செய்கிறவர்களும் உண்டு. டைனோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, லேப்டாப் திரையைத் தூரத்து டியூனர் கையில் கொடுத்துவிடுவது. உங்கள் எஞ்சினை நன்கு அறிந்தவர் தொலைவில் இருக்கிறார், பக்கத்தில் இருப்பவருக்கு அந்த எஞ்சின் புதிது என்றால் இதுதான் சரி. அங்கே ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்க ஒருவர் வேண்டும், ஆக்ஸிலேட்டரை விடும் முடிவு அவர் கையில் இருக்கவேண்டும். இணைய இணைப்பு ஒரு நொடி தாமதித்தால்கூட ரிங்லேண்ட் காத்திருக்காது. அடுத்து கேம் மாற்றப்போகிறேன், அதற்கு நான் போகப்போவது இந்த வழியில்தான்.

கம்பெனி டர்போவோடு எக்ஸாஸ்ட், இன்டேக் மட்டும் மாற்றியிருக்கிறீர்கள், காரும் ஆரோக்கியமாக இருக்கிறது என்றால் தூரத்து டியூனர் போதும், தயங்கவேண்டாம். டர்போ, கேம், எரிபொருள் இவற்றில் ஒன்று மாறினால் டைனோவுக்குக் கிளம்புங்கள். எதுவானாலும் முதலில் கம்ப்ரெஷன் சோதனை, காற்றுக் கசிவுச் சோதனை, புது ஸ்பார்க் பிளக் மூன்றையும் முடித்துவிடுங்கள். மேப் ஏற்றும்போது பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருக்கட்டும், நடுவில் வோல்டேஜ் இறங்கினால் ஈசியூவே செத்துப்போகலாம்.